நுணுக்குக்காட்டியும் வன்னிக் காய்ச்சலும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் முதியோர் எவரையேனும் அணுகி இளமைக்கால நினைவுகளைக் கூறுமாறு கேட்பின், குளமும் வயலும் காடும் கூறப்பட்ட பின்னர்க் காய்ச்சலும் கூறப்படும். மாலையில் நடுக்கங்கண்டு, போர்வைமேற் போர்வை போர்த்தும் குளிர் அடங்காது, பின்னர் உடல் அனலாய்க் காய்ந்து, ஈற்றில் வியர்த்து ஓயும் அந்நோயை எம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்றனர். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை தவறாது வருதலின் அப்பெயர் பொருத்தமானதே. மலேரியா என இன்று வழங்கும் அந்நோய் இப்போது கல்வி பயிலும் மாணவர்க்குப் பாடநூலிற் காணும் ஒரு சொல் மாத்திரமே. 1999ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்த அந்நோய், உள்நாட்டிலே தொற்றி இறுதியாக ஒருவரைப் பற்றியது 2012 ஒக்டோபரில். இலங்கையில் மலேரியா ஒழிந்தது என உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016 செப்டெம்பரில்.

இவ்வெற்றிக்கு மருந்தும் நுளம்பு வலையும் வீடுதோறும் மருந்து தெளித்தோர் உழைப்பும் காரணம் என்பர். அஃது உண்மையே. ஆயினும், காய்ச்சலுற்றோர் அனைவரிலும் இந்நோயாளர் இவரென வேறுபிரித்துக் காட்டிய கருவி நுணுக்குக்காட்டி. அதனைப் பற்றிப் பேசுவார் சிலரே. கலைப்பட்டதாரியாகிய யான் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு; அது பின்னர் வரும்.

இந்நோய்க் கிருமியை முதலிற் கண்டவர் அல்போன்சு இலவெரான் என்னும் பிரெஞ்சுப் படைமருத்துவர். 1880 நவம்பரில், அல்சீரியாவிலுள்ள கொன்சுதாந்தீன் நகரில், காய்ச்சலுற்ற படைவீரர் ஒருவரின் குருதியை அவர் நோக்கினார். அக்குருதிக்கு அவர் சாயம் இடவில்லை, அதனை உலர்த்தவுமில்லை. உடலினின்றும் அப்போதே எடுத்த துளியிலே, கரிய மணிகள் பொதிந்த உருண்டைகளையும் அவற்றினின்று புறப்பட்டுச் சவுக்குப்போலச் சுழன்றடிக்கும் இழைகளையும் கண்டார். கரிய மணிகளை முன்னரே பலர் கண்டிருந்தனர். அவற்றை அழிந்த குருதியின் எச்சம் என்று கருதினர். இலவெரானைத் தெளிவித்தது அவ்விழைகளின் அசைவு. அசைவது உயிருள்ளதாதல் வேண்டும் என்பது அவர் துணிபு. பதினேழாண்டு கழித்து, 1897 ஓகத்து 20ஆம் நாள், செக்கந்தராபாத்தில் உரொனால்டு உரொசு நுளம்பின் இரைப்பைச் சுவரில் அதே கரிய மணிகளைக் கண்டார். நோய் பரவும் வழியை அறிதற்கு அது அடிகோலிற்று.

உயிருள்ள கலத்தை நோக்குதல் எளிதன்று. அது பெரும்பாலும் நீரே. கண்ணாடியைப் போல ஒளியைத் தடையின்றிச் செல்லவிடும். ஆதலின் ஆய்வுகூடத்தார் வேறு வழி கண்டனர். குருதியைக் கண்ணாடித்தகட்டிற் பூசி உலர்த்திக் கீம்சாச் சாயம் இடுவர். கிருமியின் உடல் நீலமாகவும் உட்கரு செம்மையாகவும் தோன்றும். ஒரே தகட்டில் இரு பூச்சுக்கள் இடுதல் வழக்கம். தடித்த பூச்சிற் சாயநீர் செங்குழியங்களை உடைத்துக் கரைத்துவிடும். பல படையாய்க் கிடந்த குருதியின் கிருமிகள் ஓரிடத்தே திரண்டு தோன்றும். நோய் உண்டா இல்லையா என்பதை அது கூறும். மெல்லிய பூச்சிற் செங்குழியங்கள் உடையாது நிற்றலின், கிருமி எவ்வினத்தது என்பது புலப்படும். வைவாக்சு இனமாயிற் கிருமி புகுந்த செங்குழியம் பருத்து, நுண்புள்ளிகள் நிறைந்து காணப்படும். பல்சிப்பாரம் இனத்தின் முதிர்ந்த பாலணுக்கள் பிறைவடிவின.

செங்குழியத்தின் குறுக்களவு ஏறத்தாழ 7 மைக்கிரோன். இளங்கிருமியாகிய வளையமோ அதில் ஐந்தில் ஒரு பங்களவே. இதனைக் காண நூறுமடங்கு பொருள்வில்லையும் பத்துமடங்கு பார்வைவில்லையும் சேர்ந்து ஆயிரமடங்கு உருப்பெருக்கம் வேண்டும். தகட்டுக்கும் வில்லைக்கும் இடையே எண்ணெய்த்துளி ஒன்று இடப்படுவது ஏன் என மாணவர் வினவுவதுண்டு. கண்ணாடியினின்றும் வளியுட் புகும் ஒளி புறம்நோக்கி முறிந்து வில்லைக்கு அகப்படாது போகும். எண்ணெயின் முறிவுச்சுட்டி கண்ணாடியினதை ஒத்தது. ஆதலின் ஒளி நேரே சென்று வில்லையை அடையும். அங்ஙனம் அடையினும் ஒரு மைக்கிரோனில் ஐந்தில் ஒன்றினும் நெருங்கிய இரு புள்ளிகளை வேறுபிரித்தல் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டிக்கு இயலாது. 1873இல் ஏணெசுற்று அபே வகுத்த எல்லை அது.

நிற்க, நான் முன்னர்ச் சுட்டிய காரணத்துக்கு வருகின்றேன். 1998இல் வன்னியில் இடம்பெயர்ந்து வாழ்ந்த காலத்தில் என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. அவனுக்கு அப்போது பதினொரு வயது. விரலிற் குத்தித் தகட்டிற் குருதி எடுத்தனர். நெடிய வரிசையில் நின்று மாலையிற் பெற்ற விடை, கிருமி இல்லை என்பது. குளிசைகளுடன் வீடு திரும்பினோம். மூன்றாம் நாள் அவன் எம்மை இனங்காணாது பிதற்றலாயினான். மீண்டும் எடுத்த தகட்டிற் பல்சிப்பாரம் நிறைந்திருந்தது. கொயினா மருந்து நாளத்தின்வழி ஏற்றப்பட்டு அவன் உயிர் தப்பினான். முதற்றகட்டை நோக்கியவர்மேல் யான் கொண்ட சினம் பல்லாண்டு தணியவில்லை.

தணிந்தது பின்னர் ஒரு நூலை வாசித்தபோது. பல்சிப்பாரம் முதிருங்கால், அது குடியிருக்கும் செங்குழியம் நுண்குழாய்களின் சுவரிலே ஒட்டிக்கொள்ளும். மூளையிலும் குடலிலும் பிற உறுப்புக்களிலும் அவை ஒதுங்கிக் கிடக்க, விரல் நுனியிற் சுற்றும் குருதியில் இளவளையங்கள் சிலவே காணப்படும்; ஒரோவழி ஒன்றுமே காணப்படாது. ஆகலின் தடித்த பூச்சில் நூறு பார்வைப்புலங்களையேனும் நோக்கிய பின்னரே கிருமி இல்லை எனல் வேண்டும் என்பது விதி; ஐயமிருப்பின் மறுபடியும் குருதி எடுத்தல் வேண்டும். அன்று அவர் நூறு புலமும் நோக்கினாரோ, முன்னின்ற கூட்டத்தைக் கண்டு இருபதுடன் விட்டாரோ, யான் அறியேன். இரண்டும் நிகழக்கூடியனவே.

ஒதுங்கியிருக்கும் கிருமியின் செயலை உயிருள்ள உடலிலேயே காண வழியுண்டா? ஒன்று, வியப்பளிக்கத்தக்க எளிமையுடையது: கண். மூளையோடு ஒன்றாய் வளர்ந்த விழித்திரையின் நுண்குழாய்களைத் தோலைக் கீறாமலே காணலாம். எல்மோற்சு 1851இல் வெளியிட்ட கண்ணோக்குக் கருவி அதற்குப் போதும். மூளையைத் தாக்கிய மலேரியாவில் விழித்திரை ஆங்காங்கு வெளிறும். குழாய்கள் நிறம் மாறும். மலாவி நாட்டில், மூளை மலேரியா எனத் தீர்மானிக்கப்பட்டு இறந்த 31 குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவின்படி, எழுவர் இறந்தது வேறு காரணங்களால். இவ்விரு திறத்தாரையும் உயிரோடிருந்த காலத்தே வேறுபிரித்துக் காட்டிய ஒரே அறிகுறி விழித்திரையில் இருந்தது.

ஏனைய இழையங்கள் அத்துணைத் தெளிவுடையன அல்ல. ஒளி அவற்றினுட் சிதறிப் பனிமூட்டத்திற் செலுத்திய விளக்கொளி போலாகும். மாவின் மின்சுகி 1957இல் உரிமம் கோரிய பொதுக்குவிய முறையில், குவியப்புள்ளியினின்றும் வரும் ஒளியை மட்டும் சிறு துளைவழி ஏற்றுப் பிறவற்றை மறைப்பர். 1990இல் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தார் இருபோட்டன் முறையை அறிமுகஞ் செய்தனர். ஆழமாய்ச் செல்லும் செந்நிறக்கீழ் ஒளியின் இரு போட்டன்கள் ஒரே கணத்தில் வந்து சேருமிடத்தில் மட்டுமே ஒளிர்வு பிறக்கும், அவ்விடம் குவியமே. அதனால் உயிருள்ள இழையத்துள் மில்லிமீற்றரின் பத்திற் சில பங்கு ஆழம்வரை காண்டல் கைகூடிற்று.

2006இல் பாரிசிலுள்ள பாசுற்றர் நிறுவனத்தார், ஒளிரும்படி மாற்றிய எலிமலேரியாக் கிருமியை நுளம்புவழிச் செலுத்தி, உயிருள்ள எலியின் தோலில் அதன் போக்கைப் படம்பிடித்தனர். நுளம்பு கிருமியை நேரே குருதியிலே செலுத்துகின்றது என்பது பலரது எண்ணம். படங்கள் காட்டியது வேறு: கிருமிகள் தோலிலே விடப்பட்டு, ஊர்ந்து அலைந்து, சில குருதிக்குழாயுள் நுழைகின்றன, சில நிணநீர்க்குழாயுட் செல்கின்றன, எஞ்சியவை தோலிலேயே தங்குகின்றன. நோய் குருதியை அடையுமுன் அதனை மறிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு என்பது தடுப்பூசி ஆராய்வோர்க்கு நற்செய்தியாயிற்று.

இவையனைத்தும் பெருநகர ஆய்வுகூடங்களுக்குரியன. எமது நாட்டுக்கு இன்றும் வேண்டப்படுவது சாயமிட்ட தகடும் எண்ணெய்வில்லையும் பழகிய கண்ணுமே. காய்ச்சலைப் பரப்பிய நுளம்பினம் அழியவில்லை. ஆற்றுப்படுகைத் தேக்கங்களில் இன்றும் முட்டையிடுகின்றது. 2016 இறுதியில் மன்னாரில் அனோபிலிசு சிற்றிபென்சி என்னும் புதிய இனமும் கண்டறியப்பட்டது. அது நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளர்வது. பிறநாடு சென்று மீள்வோர் ஆண்டுதோறும் கிருமியைக் கொண்டுவருகின்றனர். 2018 திசம்பரில் மொனராகலையில், பிறநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு நோய் தொற்றியமை அறியப்பட்டது. விரைந்து கண்டமையால் அத்துடன் நின்றது.

கிருமியைக் காணாத கண் அதனை மறந்துவிடும் என்பதே இங்குள்ள இடர். நூற்றுக்கணக்கான தகடுகளை நோக்கியும் ஒன்றிலும் கிருமியைக் காணாத இளைஞர், நோயுள்ள தகடு உண்மையாகவே வரும் நாளில் அதனைச் சாயத்தின் அழுக்கு எனத் தள்ளிவிடக்கூடும். அதன்பொருட்டுக் கிருமியுள்ள பழைய தகடுகளைப் பேணிவைத்து, அவற்றைக்கொண்டு பரிசோதகரைப் பழக்கியும் சோதித்தும் வருதல் வேண்டும். என் தம்பியின் இரண்டாவது தகடு எங்குச் சென்றதோ தெரியவில்லை. அது அத்தகைய பெட்டி ஒன்றில் இருக்குமாயின் நன்று என்று யான் சில வேளைகளில் எண்ணுவதுண்டு.