வெளிச்சுவருக்கு எந்தப் பலகை?

பலகைச் சுவரைப் பற்றித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சாரல் அடித்துக் கீழ்ப்பலகை இற்றுப்போவதும், கரையான் மண்கூடு கட்டிக்கொண்டு மேலே ஏறுவதும், தீபாவளி வந்தால் சாயவாளியைத் தூக்குவதும் நமக்குப் பழகிய கதை. ஆனால், 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்து, கம்பத்திலோ தாமானிலோ சொந்த வீடு என்று ஒன்று அமைந்த பிறகு, பழைய சுவரின்மேல் என்ன அடிப்பது என்ற கேள்வி வரும்போதுதான் பலரும் திகைக்கிறார்கள். கடைக்காரர் சொல்வதே வேதவாக்காகிவிடுகிறது.

இன்று கடைகளில் பி.வி.சி. பலகையைக் காட்டுவார்கள். "கரையான் தின்னாது, சாயம் பூச வேண்டாம், ஆயுசுக்கும் உழைக்கும்" என்பார்கள். முதல் இரண்டும் மெய். மூன்றாவது, நீங்கள் வாங்கும் பலகையையும் அதை அடிக்கும் ஆசாரியையும் பொறுத்தது.

இந்தப் பலகை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மரவீடுகளுக்காக வந்தது. வெயிலில் நிறம் மங்கி நொறுங்காமல் இருக்க அதில் டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியும் வேறு மருந்துகளும் சேர்க்கிறார்கள். வீட்டினுள் மேற்கூரைக்கு அடிக்கும் மலிவுப் பலகைக்கு வெளிவெயிலைத் தாங்கும் சக்தி கிடையாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆகவே, "இது வெளிச்சுவருக்கு உள்ளதா? எத்தனை வருட உத்தரவாதம்?" என்று கேட்டு, அதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நிறத்தில் வெளிர்நிறமே நல்லது. கறுப்பும் கரும்பச்சையும் நம் ஊர் வெயிலைக் குடித்து நெளிந்துவிடும்.

ஆணி அடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 12 அடிப் பலகை காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையே கால் அங்குலத்துக்கு மேலும் நீளக்கூடும். அது நீண்டு சுருங்க இடம் வேண்டும். அதற்காகவே ஆணித்துளையை நீளவாக்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள். துளையின் நடுவில் ஆணியை அடித்து, தலையை இறுக்காமல் ஒரு மில்லிமீட்டர் விட வேண்டும். அடித்த பலகையைக் கையால் தள்ளினால் இடமும் வலமும் அசைய வேண்டும். "ஐயா, ஆடுகிறதே!" என்று ஆசாரியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆடாவிட்டால்தான் கேளுங்கள்.

இன்னொன்று. கரையான் பி.வி.சி.யைத் தின்னாது, அதன் பின்னால் இருக்கும் மரத்தைத் தின்னும். மேலே பளபளப்பாக மூடிவிட்டால், உள்ளே நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. முதலில் இற்ற சட்டத்தை மாற்றி, மருந்தடித்து, கூரை ஒழுக்கை அடைத்த பிறகே மூடுங்கள். குப்பை கொளுத்தும் இடம் சுவருக்கு அருகில் இருந்தால் பலகை உருகும். எரிந்தால் வரும் புகையும் மூச்சுக்குக் கெடுதல். அடுப்படியை ஒட்டிய வெளிச்சுவருக்குச் சிமெண்டுப் பலகையே மேல். அது எரியாது, கரையானும் தொடாது. சாயம் மட்டும் பூச வேண்டும். அறுக்கும்போது தண்ணீர் தெளித்து, மூக்கு வாயை நன்றாக மறைக்கும் முகமூடி போடச் சொல்லுங்கள்.

சிமெண்டுப் பலகை என்றதும், பழைய சாம்பல் நிறத் தகட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் அடித்திருக்கும் அந்தத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கண்ணால் பார்த்து அறிய வழியில்லை, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். அதன் நார் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. நுரையீரலில் தங்கிவிட்டால் 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயாகத் தலைகாட்டும். சிங்கப்பூர் 1989இல் கட்டடங்களில் அதன் உபயோகத்தைத் தடை செய்தது. மலேசியாவில் 1986இலேயே அதைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கென்று விதிமுறைகள் வந்தன. ஆனால், ஞாயிற்றுக்கிழமை தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொந்த வீட்டுச் சுவரைச் சுத்தியலால் உடைப்பவரை எந்த அதிகாரி வந்து தடுக்கப் போகிறார்?

உடையாமல் கெட்டியாக இருக்கும் தகடு சும்மா இருக்கும்வரை தொல்லை தராது. அறுப்பது, துளையிடுவது, உடைப்பது, காய்ந்த நிலையில் தேய்ப்பது ஆகியவையே ஆபத்து. புதுப்பலகையை அதன்மேல் வைத்து நேராக ஆணி அடிப்பதும் துளையிடுவதுதான். நல்ல நிலையில் இருந்தால் தேய்க்காமல் சாயம் பூசி அப்படியே விடுவது மலிவும் பத்திரமும். நொறுங்கிப்போயிருந்தால், பழக்கமுள்ள குத்தகையாளரை வைத்து நனைத்து முழுசாக இறக்கி, எங்கே எப்படிக் கொண்டுபோய்ப் போடுவது என்பதை நகராண்மைக் கழகத்தில் கேட்டுச் செய்யுங்கள். உடைந்த துண்டுகளைக் கோழிக்கூண்டுக்கும் பூச்செடிக்கு அணை கட்டவும் எடுத்துவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தச் சிக்கனம் வேண்டாம். வேலை நடக்கும் நாளில் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலை செய்தவரின் சட்டையை உதறாமல், நனைத்துத் தனியாகத் துவையுங்கள்.