கோழி எருவும் தீவு மண்ணும்

முன்னொரு நாள் ஆனையூரில் என் கத்தரி நாற்றுகளுக்குப் பச்சைக் கோழி எச்சத்தை வாரி இட்டேன். ஒரே வாரத்தில் அவை கருகின. காரணம் யாது? பறவைக்குச் சிறுநீர் தனியே கழிவதில்லை. யூரிக அமிலமாக எச்சத்தோடு வெளிப்படுகிறது. ஆதலின் சாணத்தைவிடக் கோழி எருவில் தழைச்சத்து மிகுதி. அது விரைவில் அம்மோனியாவாக மாறி இளவேரைச் சுடுகிறது. சருகும் வைக்கோலும் கலந்து மக்கவைத்தால் அவ்வேகம் தணியும்.

மிகையான எருவின் தீங்கு வேரோடு நிற்பதன்று. மாலத்தீவை நோக்குங்கள். அங்குள்ள மண் பவளப்பாறை நொறுங்கிய மணல். சுண்ணாம்பு மிக்கது, மக்கு குறைந்தது. எரு அதற்கு இன்றியமையாதது. ஆனால் நம் கரிசல் மண்ணைப் போல் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும் களி அதில் இல்லை. மிஞ்சிய தழைச்சத்து நைட்ரேட்டாகி மழையோடு கீழிறங்குகிறது. அங்கே உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமே கிணறுகளுக்கு ஊற்று, அதுவும் மாசுபடுகிறது.

நாமக்கல் பண்ணைகளால் நமக்குக் கோழி எரு எளிதில் கிடைக்கிறது. எளிதில் கிடைப்பதை அளவின்றி இடலாகாது. நம் செம்மண்ணிலும் நீர் விரைந்து இறங்கும். மக்கவைத்து, அளவறிந்து, சிறிது சிறிதாக இடுவதே முறை. நாற்று கருகினால் மீண்டும் விதைக்கலாம். ஊற்றுக் கெட்டால் ஊரார் எங்கே செல்வர்?