கணிப்பொறியின் அடையாளமும் ஆய்வு முடிவின் உறுதியும்

தமிழாய்வில் கணிப்பொறியின் பயன் இன்று பெருகியுள்ளது. சொல்லடைவு தொகுத்தல், பாடங்களை ஒப்புநோக்கல், ஓர் ஆசிரியரின் சொல்லாட்சியைக் கணக்கிடல் ஆகிய பணிகளைப் பொறியிடம் ஒப்படைத்து, அது தரும் முடிவை ஆய்வேட்டில் சேர்க்கின்றோம். ஓர் ஏட்டுச்சுவடியைச் சான்றாகக் காட்டுவோர் அஃது எங்குள்ளது, எந்நிலையில் உள்ளது என்பவற்றைக் கூறாது விடுவதில்லை. கணிப்பொறியின் முடிவைக் காட்டுவோரோ, எப்பொறி எவ்வமைப்பில் நின்று அம்முடிவைத் தந்தது என்பதைப் பெரும்பாலும் கூறுவதில்லை. இக்குறை சிறிதன்று என்பதையும், இதனைக் களையும் வழி எளிதே என்பதையும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

1. செயலி தன்னைப்பற்றிக் கூறுவது

பொறியின்மேல் ஒட்டப்பட்ட சீட்டும் விற்பனைத்தாளும் பொறியைப்பற்றிப் பிறர் கூறுவன. செயலியோ தன்னைப்பற்றித் தானே கூற வல்லது. இன்டெல் நிறுவனத்தார் 486 வகையின் பிற்காலப் படிகள் சிலவற்றிலும், 1993-இல் வெளிவந்த பென்டியத்திலும் 'சிபியுஐடி' என்னும் கட்டளையை அமைத்தனர். ஏஎம்டி முதலிய பிற நிறுவனத்தாரும் அம்மரபைப் பின்பற்றினர். இக்கட்டளையைப் பெற்ற செயலி, முதற்கண் தன்னை ஆக்கியோரின் அடையாளத்தை 12 உரோம எழுத்துகளால் தெரிவிக்கும். அடுத்து, குடும்பம், மாதிரி, படிநிலை என மூன்று எண்களைத் தரும். பிற்காலச் செயலிகள் தம் வணிகப் பெயரையும் சேர்த்துக் கூறும்.

மூன்று எண்களின் பொருளை நூற்பதிப்பு முறையோடு ஒப்பிட்டு உணரலாம். குடும்பம் என்பது அடிப்படை வடிவமைப்பு. ஒரு நூல் போல்வது. மாதிரி என்பது அந்நூலின் ஒரு பதிப்பு. படிநிலை என்பது அப்பதிப்பே பிழைதிருத்தம் பெற்று மீண்டும் அச்சாகி வந்த நிலை. மேலட்டையில் மாற்றமின்றி உள்ளே திருத்தம் நிகழ்தல் கூடும். ஆதலின், பெயரை மட்டும் அறிந்தோர் செயலியை முழுதும் அறிந்தவராகார்.

2. பென்டியம் வகுத்தற் பிழை

இவ்வேறுபாடு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு 1994-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று தக்க சான்றாகும். அமெரிக்க நாட்டு வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கிய தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். பழைய பொறிகளோடு பென்டியம் பொறியொன்றையும் சேர்த்துக்கொண்ட பின்னர், அவ்வாண்டு ஜூன் திங்களில் கணக்கு முரண்படக் கண்டார். தம் நிரலையும் பொறியின் பிற உறுப்புகளையும் ஒவ்வொன்றாக ஐயுற்று விலக்கினார். இறுதியில் 824633702441, 824633702443 என்னும் இரட்டை எண்களின் தலைகீழ்களைப் பென்டியம் பிழைபடக் கணித்தமை புலனாயிற்று. அக்டோபர்த் திங்களில் அவர் அதனைப் பிறர்க்கு அறிவித்தார்.

பிழையின் காரணம் வியப்பிற்குரியது. வகுத்தலை விரைந்து செய்தற்பொருட்டுச் செயலிக்குள் ஓர் அட்டவணை பொறிக்கப்பட்டிருந்தது. அதில் மதிப்புப் பெறவேண்டிய கட்டங்கள் 1066. அவற்றுள் 5 கட்டங்கள் மதிப்பின்றி விடுபட்டன. படியெடுப்போன் சில எழுத்துகளை விட்டமை போன்றதே இது. கணக்கு அக்கட்டங்களைத் தொட்டபோதுதான் பிழை தோன்றிற்று. ஏனைய இடங்களில் விடை சரியாகவே இருந்தது. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382045 வருதல் வேண்டும். பிழையுடைய செயலி 1.33373907 எனத் தந்தது. பொறி நிற்கவும் இல்லை; எச்சரிக்கை காட்டவும் இல்லை.

அதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிழையுடைய செயலியும் திருத்தப்பெற்ற செயலியும் பென்டியம் என்னும் ஒரே பெயரையே தாங்கின. அவற்றை வேறுபிரித்துக் காட்டியது படிநிலை எண்ணே. 1994 டிசம்பர் 20 அன்று, வேண்டுவோர்க்கெல்லாம் செயலியை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. அதன்பொருட்டு 47 கோடியே 50 இலட்சம் டாலரைச் செலவுக் கணக்கில் காட்டிற்று.

3. விவரங்களைக் காணும் முறை

விண்டோஸ் இயங்குதளத்தில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்னும் நிரலை இயக்கின், செயலியின் பெயர், உள்ளகங்களின் எண்ணிக்கை, நினைவகத்தின் அளவு, இயங்குதளத்தின் பதிப்பு ஆகியவை ஒரே பக்கத்தில் தோன்றும். கட்டளைச் சாளரத்தில் 'செட் ப்ராசசர்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் குடும்பம், மாதிரி, படிநிலை எண்கள் கிடைக்கும். லினக்ஸில் 'எல்எஸ்சிபியு' என்னும் கட்டளை செயலியின் பெயர், உள்ளகங்களின் எண்ணிக்கை, இம்மூன்று எண்கள் ஆகியவற்றை நிரல்படத் தரும்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் வேண்டப்படும். ஒன்று, செயலி 64 பிட் வகையினதாக இருப்பினும் அதன்மேல் 32 பிட் இயங்குதளம் நிறுவப்பட்டிருத்தல் கூடும். ஆகவே இரண்டையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும். மற்றொன்று, ஒரு பொறிக்குள் மற்றொரு பொறியை உருவகித்து இயக்கும் முறையில், செயலியின் விடையை இடைநின்ற நிரல் மாற்றித் தரவும் இயலும். தொலைவிலுள்ள பொறியை வாடகைக்குப் பெற்று ஆய்வோர் இதனை மறத்தலாகாது.

4. அமைப்பு மாறின் வரிசை மாறும்

செயலியின் பிழை அரிதாக நேர்வது. தமிழாய்வாளர்க்கு நாள்தோறும் நேரக்கூடிய இடர் இயங்குதளத்தின் மொழியமைப்பால் வருவது. யூனிக்கோடு முறையில் ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன.

மரம், மலர், மழை, மறம், மனம் என்பது நம் அகராதி வரிசை. எண்வரிசையைப் பின்பற்றும் அமைப்போ மனம், மரம், மறம், மலர், மழை என அடுக்கும். இறுதியில் நிற்கவேண்டிய சொல் முதலில் வந்து நிற்கின்றது. லினக்ஸில் வரிசைப்படுத்தும் அமைப்பு 'சி' என்றிருப்பின் எண்வரிசையே கிடைக்கும். தமிழுக்குரிய வரிசை விதிகளை ஏற்ற அமைப்பாயின் மரபுவரிசை கிடைக்கும். 'லொக்கேல்' என்னும் கட்டளை நடைமுறையிலுள்ள அமைப்பைக் காட்டும்.

கோப்பும் ஒன்று, பொறியும் ஒன்று, கட்டளையும் ஒன்று. எனினும் விளைவு இரண்டு. இரு மாணவர் தொகுத்த சொல்லடைவுகள் இவ்வாறு வேறுபடின், ஒப்புநோக்குவோர் ஒன்றில் உள்ள சொல் மற்றொன்றில் இல்லை என மயங்குதல் கூடும். இல்லாத பாடவேறுபாடு ஒன்று ஆய்வுலகில் புகுந்துவிடும்.

5. முடிவுரை

பொறியின் துணையால் பெற்ற முடிவைத் தரும் ஆய்வேடுகளில் நான்கு செய்திகள் இடம்பெறுதல் நலம் எனக் கருதுகின்றோம். அவை: செயலியின் பெயரும் மூன்று எண்களும், இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் பிட் அளவும், மொழி, வரிசை பற்றிய அமைப்பு, பயன்படுத்திய நிரலின் பெயரும் பதிப்பும். இவற்றைக் குறித்துக்கொள்ளச் சில மணித்துளிகளே வேண்டும்.

நைஸ்லி பிழையைக் கண்டமைக்குப் பொறியின் விரைவு காரணமன்று. ஒரு பொறியின் விடையை மற்றொரு பொறியின் விடையோடு வைத்து நோக்கினார். ஒவ்வொன்றும் எத்தகைய பொறி என்பதை அறிந்திருந்தார். பல சுவடிகளை ஒப்புநோக்கி, எப்பாடம் எச்சுவடியினது என்று குறித்து வைத்த நம் பதிப்பாசிரியர்களின் நெறியும் இதுவே. அந்நெறி ஏட்டுச்சுவடியோடு நின்றுவிடாமல் கணிப்பொறிக்கும் உரியதாதல் வேண்டும்.