கடல் கடந்து வந்த இனிப்பு

கிறிஸ்மஸ் நெருங்கினால், தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு வரும் உறவினர் கையில் மக்ரூன் பொட்டலத்தைத்தான் நம் கண்கள் தேடும். முட்டையைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, மாவு கலந்து போர்த்துக்கீசியர் சுடும் ‘பாவ் டி லோ’ கேக், ஜப்பானின் நாகசாகியில் ‘கஸ்தெல்லா’ ஆயிற்று. 1658-இல் டச்சுக்காரரிடம் அவர்கள் இழந்த தூத்துக்குடியில் விட்டுச்சென்ற கைப்பழக்கமே மக்ரூன் என்பர் ஊரார். இதில் மாவும் இல்லை, மஞ்சட்கருவும் இல்லை. வெள்ளைக்கரு, சர்க்கரை, வாதுமைக்குப் பதில் முந்திரி, அவ்வளவே. அம்முந்திரியும் பிரேசிலிலிருந்து அவர்கள் கொணர்ந்ததே!

வெள்ளைக்கருவில் சிறிது மஞ்சட்கரு கலந்தாலும் நுரை சரிவர எழாது. வீட்டில் முயன்று நாம் இதை அறிந்தோம். அன்று பன்னிரண்டு முட்டையும் ஆம்லெட் ஆயின. முந்திரி விலைக்கு அஞ்சி மாவு கலந்தால், அதை மக்ரூன் என்றழைக்க நமக்கு மனம் வராது. ஈரக்காற்றுப் பட்டால் மொறுமொறுப்புப் போய்விடும். டப்பாவை இறுக மூடுங்கள், பிள்ளைகள் கண்ணில் படாமலும் வையுங்கள்.