நியாயத்துக்கு எவ்வளவு செலவழிப்பீர்கள்?

கண்ணெதிரே அநியாயம் நடந்தால் தட்டிக் கேட்பீர்களா என்று யாரைக் கேட்டாலும், கேட்பேன் என்றுதான் பதில் வரும். வாயால் சொல்வதற்குக் காசா, பணமா? மனிதரின் நீதியுணர்வை அளக்கக் கிளம்பிய ஆய்வாளர்களுக்குத் தலைவலியே இந்தப் பதில்தான்.

அதனால் ஜெர்மானிய உளவியலாளர் மான்ஃப்ரெட் ஷ்மிட்டும் அவருடைய சகாக்களும் கேள்வியைப் பிரித்துக் கேட்டார்கள். அநியாயம் உங்களுக்கு நடந்தால் எவ்வளவு கொதிப்பீர்கள்? பிறருக்கு நடப்பதைப் பார்த்தால்? அதனால் உங்களுக்கே லாபம் கிடைத்தால்? செய்தவரே நீங்கள் என்றால்? விடைகள் சுவாரசியமானவை. தனக்கு நடந்ததற்கு மட்டும் பொங்குகிறவர்கள், பல ஆய்வுகளில், மற்றவர்களைவிடச் சுயநலமாகவே நடந்துகொண்டார்கள்.

ஆனாலும் கேள்வித்தாள் கேள்வித்தாள்தான்.

ஜூரிக் பல்கலைக்கழகத்தின் எர்ன்ஸ்ட் ஃபேர், உர்ஸ் ஃபிஷ்பாகர் இருவரும் கேள்வியை விட்டுவிட்டுப் பணத்தில் கைவைத்தார்கள். 2004-இல் வெளியான அவர்களது சோதனையில் மூன்று பேர். முதலாமவரிடம் 100 புள்ளிகள். இரண்டாமவருக்கு அவர் விருப்பம்போல் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாமவரிடம் 50 புள்ளிகள். அவர் தன் புள்ளி ஒன்றைச் செலவழித்தால் முதலாமவரிடமிருந்து மூன்று புள்ளிகள் பறிபோகும். ஆட்டம் முடிந்ததும் புள்ளிகள் உண்மையான பணமாகும். மூன்றாமவருக்கு இதில் நஷ்டமே தவிர லாபமில்லை. மூவருக்கும் முன்பின் அறிமுகமும் இல்லை. இருந்தும், பாதிக்குக் குறைவாகக் கொடுத்த கஞ்சர்களைச் சுமார் 60 சதவீதம் பேர் கைக்காசு செலவழித்துத் தண்டித்தார்கள்.

ஆனால் இந்தச் சோதனையில் ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களை வைத்து உலகத்தையே எடைபோடலாமா? ஆய்வாளர் ஜோசப் ஹென்ரிக்கின் குழு இதே ஆட்டத்தைப் பல கண்டங்களின் சிறு சமூகங்களுக்கும் கொண்டுபோனது. பங்கீடு மோசமாக ஆக, தண்டிப்பது எங்கும் கூடியது. அளவில்தான் வேறுபாடு: கென்யாவின் குசி மக்களில் பெரும்பாலோர் தண்டித்தார்கள், பொலிவியக் காட்டின் சிமானே மக்களில் சிலரே.

எதிர்ப்பும் வந்தது. தண்டிப்பதைத் தவிர வேறு வேலையே தராத ஆட்டத்தில் மனிதர் வேறென்ன செய்வார் என்று கேட்டார் ஆய்வாளர் எரிக் பெடர்சன். 2013-இல் அவரது குழு நடத்திய சோதனையில், வேடிக்கை பார்த்தவர்களிடம் தார்மிகக் கோபம் பெரிதாகத் தென்படவில்லை, பொறாமைதான் தென்பட்டது. இந்த ஆட்சேபம் நியாயமானது. ஆனாலும் வெறும் வாய்ச்சொல்லைவிடக் கைக்காசு மேலான சாட்சி.

இனி இத்தனை சதவீத மக்கள் நேர்மையாளர்கள் என்று செய்தி வந்தால், அவர்களிடம் கருத்துக் கேட்டார்களா, காசு கேட்டார்களா என்று பாருங்கள்.