மூளையில் படியும் புரதமும் கணக்கில் வராத முதியோரும்

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள சேரிகளில், வாழ்நாளெல்லாம் நாற்று நட்ட ஒரு மூதாட்டி வீடு திரும்ப வழி தெரியாமல் நின்றால், ‘வயசாயிடுச்சு’ என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது முதுமையின் இயல்பாக இல்லாமல், டிமென்ஷியா எனப்படும் மறதிநோயாக இருக்கலாம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் இது மிகுதி.

மறதிநோய்களுள் பெரும்பான்மையானது அல்சைமர். இதில் நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு புரதம் திட்டுகளாகவும், உள்ளே டாவ் புரதம் முடிச்சுகளாகவும் படிகின்றன. 1906-இல் அலோய்ஸ் அல்சைமர் இவற்றை இறந்தவரின் மூளையில்தான் கண்டார். உயிருடன் இருப்பவரின் மூளையில் அமிலாய்டைப் படமெடுக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் உருவாக்கிய வேதிப்பொருள் 2002-இல் சுவீடனில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது.

செய்முறை இதுதான். அமிலாய்டுடன் ஒட்டும் கதிரியக்கப் பொருள் சிறிதளவு நரம்பு வழியே செலுத்தப்படுகிறது. அது எங்கே தங்குகிறது என்பதைப் பெட் ஸ்கேன் கருவி பதிவு செய்கிறது. பெருமூளைப் புறணியின் அளவு, இப்புரதம் பொதுவாகக் குறைவாகப் படியும் சிறுமூளையின் அளவால் வகுக்கப்படுகிறது. வெவ்வேறு ஆய்வகங்களின் விகிதங்களை ஒப்பிட 2015-இல் ‘சென்டிலாய்டு’ என்ற பொது அளவுகோல் வந்தது. இளம் வயதினரின் சராசரி அதில் 0. அல்சைமர் நோயாளியின் சராசரி 100. கார்பன்-11 கொண்ட மருந்தின் கதிரியக்கம் 20 நிமிடத்திலும், ஃபுளோரின்-18 கொண்டதன் கதிரியக்கம் 110 நிமிடத்திலும் பாதியாகிவிடும். ஆகவே இவற்றை உண்டாக்கும் சைக்ளோட்ரான் அருகே இருந்தாக வேண்டும். இத்தொழில்நுட்பம் பெருநகரங்களைச் சுற்றியே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஸ்கேன் யாரிடமும் எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை. வழக்கமான நினைவாற்றல் சோதனையோ வாக்கியம் எழுதச் சொல்கிறது; படம் வரையச் சொல்கிறது. சாதியின் பெயரால் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட தலைமுறையிடம் அது அளப்பது மறதியை மட்டுமன்று, மறுக்கப்பட்ட கல்வியையும்தான். எனவே நோயற்றவரும் நோயாளியாக்கப்படலாம்.

எதிர்ப்பிழையும் உண்டு. 1998-இல் கொச்சியில் தோன்றிய ‘10/66’ ஆய்வுக்குழு, கல்வி பெறாதோருக்கும் பொருந்தும் கண்டறிமுறையை உருவாக்கியது. அதன் இந்தியக் களங்கள் சென்னையும் வேலூர்க் கிராமப்புறமும். 2008-இல் வெளியான முடிவின்படி, அமெரிக்க மனநல வரையறையில் இந்தியக் கிராமப்புற முதியோருள் 0.3 விழுக்காட்டினருக்கே மறதிநோய் இருந்தது. புதிய முறையிலோ, ஆய்வுசெய்த நாடுகளின் எந்தக் களத்திலும் அது 5.6 விழுக்காட்டிற்குக் குறையவில்லை. குடும்பத்தார் குறைபாட்டை முதுமையெனக் கொள்வதால் நோய் பதிவாவதில்லை. அளவுகோலே யார் கணக்கில் வருவார் என்பதைத் தீர்மானிக்கிறது.

படிமமும் இறுதித் தீர்ப்பன்று. அமிலாய்டு படிந்தும் நினைவு தெளிவாக உள்ள முதியோர் பலர். மேலும் அமெரிக்காவில் 11,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த ‘ஐடியாஸ்’ ஆய்வில் கறுப்பினத்தவர் மிகச் சிலரே. அக்குறையைக் களையவே ‘நியூ ஐடியாஸ்’ தொடங்கப்பட்டது. இந்திய மூளைப் படிம ஆய்வுகளில் தலித் முதியோர் எத்தனை பேர் என்ற கேள்வியை நாமும் எழுப்பவேண்டும்.

2011 கணக்கெடுப்பில் அன்றைய விழுப்புரம் மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இங்கு உடனடியாகக் கோரத்தக்கவை உள்ளன. இரத்த அழுத்தமும் நீரிழிவும் மறதிநோய்க்கு வழிகோலுபவை; அவற்றுக்காக வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் நினைவாற்றலையும் கேட்டறியலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவு முறையாக இயங்கவேண்டும். பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி குணப்படுத்தக்கூடியது. அதைக் கண்டறியப் பெட் ஸ்கேன் தேவையில்லை.

2025-இல் அமெரிக்கா அல்சைமருக்கான இரத்தப் பரிசோதனைக்கு ஒப்புதல் அளித்தது. அத்தகைய பரிசோதனை நாளை திண்டிவனத்திற்கும் வரலாம். அப்போது இயல்பு எது, நோய் எது என்று பிரிக்கும் எண், நம் சேரி முதியோரையும் சேர்த்து அளந்து பெறப்பட்டதாக இருக்கவேண்டும்.