கிளாம்பாக்கம்: பஸ் நிலையம் முந்தியது, ரயில் நிலையம் ஏன் பிந்தியது?

சென்னைப் பெருநகரத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் காலம் 2026-உடன் முடிகிறது. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. இதற்கிடையே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் (கும்டா) 25 ஆண்டுகளுக்கான போக்குவரத்துத் திட்டம் ஒன்றையும் வகுத்திருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா, தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருப்பவர்களுக்கு இவற்றால் என்ன மாறும் என்று வாசகர் கடிதங்கள் தொடர்ந்து கேட்கின்றன.

இரண்டும் வேறு. முழுமைத் திட்டம் நிலத்தைப் பற்றியது: எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எந்தச் சாலைக்கு எவ்வளவு அகலம் என்பதை அது வரையறுக்கிறது. அதை மீறினால் கட்டட அனுமதி கிடைக்காது. கும்டாவின் திட்டம் பயணத்தைப் பற்றியது. மற்றத் துறைகள் தங்கள் பணத்தையும் ஆட்களையும் அதற்கேற்ப ஒதுக்கினால்தான் அதற்கு உயிர் வரும். இரண்டிலும் பாதுகாப்பு, பல்முனைப் போக்குவரத்து என்ற சொற்கள் நிறையவே புழங்குகின்றன. அரசுத் தரப்பு விளக்கத்தில் பஸ், ரயில், மெட்ரோ மூன்றும் ஓரிடத்தில் அமைவதே பல்முனை. ஆனால் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும்வரை பயணி நடக்கிறாரே, அந்தத் தூரம் யாருடைய பொறுப்பு என்பதுதான் உண்மையான கேள்வி. தென்சென்னைப் புறநகரில் இதற்குக் கிளாம்பாக்கத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 88 ஏக்கர், செலவு சுமார் 394 கோடி ரூபாய். தென் மாவட்டங்களுக்கான பஸ்கள் அடுத்த சில வாரங்களில் கோயம்பேட்டை விட்டு இங்கே வந்துவிட்டன. முனையம் ஜிஎஸ்டி சாலையின் ஒரு பக்கம். கடற்கரை–செங்கல்பட்டு ரயில் பாதை மறுபக்கம். 1931 முதல் மின்சார ரயில் கண்ட தாம்பரம் அதே பாதையில், சில நிலையங்களுக்கு வடக்கே இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் ஓடும் ரயில் நிற்க, முனையம் திறந்தபோது அங்கே நிலையம் இல்லை. முனையம் திறந்து ஓராண்டு கடந்த பிறகும் வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம் பணப் பற்றாக்குறை அல்ல, ‘வைப்புத்தொகைப் பணி’ என்னும் ஏற்பாடு. ரயில்வே ஒன்றிய அரசின் அதிகாரத்தில் உள்ளது. புதிய நிலையம் வேண்டும் என்று மாநில அரசு கேட்டால், செலவை முன்கூட்டியே ரயில்வேயிடம் கட்ட வேண்டும். வரைபடம், ஒப்பந்தப்புள்ளி, கட்டுமானம் எல்லாம் ரயில்வே செய்யும். கிளாம்பாக்கத்துக்காகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) தெற்கு ரயில்வேயிடம் 20 கோடி ரூபாய் செலுத்தியது. முனையத்தின் செலவோடு ஒப்பிட்டால் அது இருபதில் ஒரு பங்குதான். கணக்கு வழக்கில் இந்த ஏற்பாடு நேர்த்தியானது. ரயில்வேக்கு இழப்பில்லை, மாநிலத்துக்கும் வேண்டியது கிடைக்கிறது. ஆனால் பணம் கொடுத்தவருக்கு வேலையின் வேகத்தில் அதிகாரம் இல்லை. வேலை செய்பவருக்கோ முனையத்தின் பயணிகள் படும் பாடு கணக்கில் வராது. நிலையத்தையும் முனையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை இன்னொரு ஒப்பந்தம். அதற்கு நிலம் எடுப்பது தனி வேலை. மூன்று வேலைகளில் பஸ் நிலையம் ஒன்றுதான் சிஎம்டிஏ தானே கட்டி, தானே நாள் குறித்துத் திறக்கக்கூடியது. அது முந்திக்கொண்டது.

இது புதிதும் அல்ல. கோயம்பேடு பஸ் நிலையம் திறந்தது 2002-இல். அங்கே மெட்ரோ ரயில் வந்தது 2015 ஜூனில்.

இந்த இடைவெளிக் காலம் வெறும் அலைச்சல் அல்ல, உயிர் ஆபத்து. விடியற்காலையில் மூட்டை முடிச்சு, குழந்தைகளோடு இறங்குபவர் ஜிஎஸ்டி சாலை என்னும் தேசிய நெடுஞ்சாலையைக் கடக்கிறார். வாகனங்களின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் தீர்வு நடைமேம்பாலம். சாலைக்கு மேல் 5.5 மீட்டர் தலைவெளி விட்டுக் கட்டினால், ஏற மட்டும் நாற்பது படிக்குக் குறையாது. லிஃப்ட் ஓடாத நாளில் முழங்கால் வலியுள்ள பெரியவர் கீழேதான் கடப்பார். வேகத்தைக் குறைக்கும் சிக்னலும் தரைமட்டக் கடவையும் மலிவானவை. ஆனால் அவை வாகனங்களைக் காக்க வைக்கும் என்பதால்தான் தள்ளிப்போடப்படுகின்றன.

இதையெல்லாம் ஒருங்கிணைக்கவே கும்டா. சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. முதலமைச்சர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். சிங்கப்பூர் 1995-இலேயே சாலையையும் ரயிலையும் நிலப் போக்குவரத்து ஆணையம் என்ற ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவந்தது. இங்கே சாலை, பஸ், ரயில், காவல், உள்ளாட்சி ஒவ்வொன்றும் ஒரு கையில். கும்டா அவர்களை ஒரு மேசையில் உட்காரவைக்கலாம். தெற்கு ரயில்வேக்குக் கட்டளையிட முடியாது. அதனால் மூன்றாம் முழுமைத் திட்டத்தில் ஒரு விதி கட்டாயம் வேண்டும்: பயணிகள் மாறிச்செல்லும் வழி தயாராகாமல் எந்த முனையத்தையும் திறக்கக் கூடாது.

வாசகர்களுக்கு எழக்கூடிய மற்றக் கேள்விகள் சில. கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ எப்போது வரும்? விமான நிலையம்–கிளாம்பாக்கம் நீட்டிப்பு 15.46 கி.மீ., 13 நிலையங்கள். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் பணி தொடங்கி முதல் ரயில் ஓட 2009 முதல் 2015 வரை ஆனது; அதை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.

‘சென்னை ஒன்று’ செயலி போதாதா? 2025 செப்டம்பரில் வந்த அது டிக்கெட்டை ஒன்றாக்குகிறது, நடைபாதையை அல்ல.

தாம்பரம் மாநகராட்சி என்ன செய்யும்? 2021-இல் உருவான அதன் எல்லை கிளாம்பாக்கத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

மக்கள் கருத்துச் சொல்ல முடியுமா? முடியும். தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் 1971-இன்படி வரைவுத் திட்டம் வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தரப்படும். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் பகுதி மக்கள் எந்த இடத்தில் சாலையைக் கடக்க முடியவில்லை என்று இடத்தின் பெயரோடு எழுதி அனுப்ப வேண்டும்.